நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில், பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நடத்துகிறவள் மாரிக்கனி. வயது நாற்பத்து மூன்று. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எந்த மனுவானாலும் ஆள் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டிவிடுவாள். வந்தவர் மச்சினன் வீட்டுச் சண்டை, மாடு செத்த கதை எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாலும் அவள் விரல் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவள் அடித்த மனுவை ஆபீசில் திருப்ப மாட்டார்கள் என்று பரளச்சி வரைக்கும் பேச்சு உண்டு.

அவளைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. பந்தல்குடி ரோட்டில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பால்பாண்டி அவள் புருஷன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எட்டு வயது மகள் ப்ரியாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனை விட்டு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொல்லாததால் ஊர் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. அதில் ஒன்றுகூட அவளுக்கு நல்ல பெயர் தருவதாக இல்லை.

போன வருஷம் தை மாதம் டி.வி.யில் ‘சரளைப் பாதை’ என்ற தொடர் ஆரம்பித்தது. இந்தக் கரிசலில் பிறந்து பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒருவர் எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாவல் அது. மாரிக்கனி கல்லூரியில் பாடமாகப் படித்தாள். அதன் பிறகு எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. அட்டை போய், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

கதை இதுதான். உடையாள் என்று ஒருத்தி. பர்மாவுக்குப் பிழைக்கப்போன புருஷன் ஆறு வருஷமாகத் தகவல் இல்லை. மழையில்லாத காட்டை ஒற்றை ஆளாக உழுது மாமியாரையும் காப்பாற்றுகிறாள். ஒருநாள் அவன் திரும்பி வருகிறான், கூடவே இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு. வந்ததும் வராததுமாக “சோறு ஆக்கு” என்கிறான். உடையாள் ஆக்குகிறாள். இருவருக்கும் பரிமாறுகிறாள். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நடந்து போய்விடுகிறாள். ரோடு போடும் இடத்தில் கல் உடைத்துப் பிழைக்கிறாள். திரும்பி வருவதே இல்லை.

டி.வி. தொடரில் முதல் நாளே உடையாள் தென்னந்தோப்பில் நடந்து வந்தாள். பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலில் வந்தவர் சௌந்தரபாண்டியன். பஜாரில் பலசரக்குக் கடை, எண்ணெய் மில், வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவி மூன்றும் உள்ளவர். வெள்ளைச் சட்டை அந்த நேரத்துக்கே கழுத்தில் நனைந்திருந்தது.

“மாரிக்கனி, டி.வி.க்காரனுக்கு ஒரு கடுதாசி அடி. தென்னந்தோப்பாம், தென்னந்தோப்பு! நம்ம ஊருல எவன் வீட்டுல இருக்கு? பொள்ளாச்சியில போயி எடுத்துட்டுத் திருச்சுழின்னு போடுறான். காது குத்துறானா நமக்கு?”

“பேச்சையும் எழுதவா அண்ணாச்சி? மாமியாக்காரி ‘ஏனுங்க’ங்கிறா.”

“எழுது, எழுது. நல்லா உறைக்கிற மாதிரி எழுது.”

மாரிக்கனிக்கு அன்று கை துறுதுறுவென்று இருந்தது. வழக்கமாக ‘பணிந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்று அடித்து அடித்துச் சலித்த கை. இந்தக் கடிதத்தில் பணிவே வைக்கவில்லை. நாவலில் எந்தப் பக்கத்தில் நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, டி.வி.யில் என்ன காட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ‘நேயர் கருத்து’ என்ற பகுதியில் அந்தக் கடிதத்தைப் பாதிக்கு மேல் வாசித்தார்கள். “திருச்சுழியிலிருந்து திரு. சௌந்தரபாண்டியன்” என்று சொன்னபோது பஜாரே கைதட்டியதாகப் பேச்சு.

அதிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. உடையாள் புருவம் திருத்தியிருக்கிறாள் என்று ஒருவர். களை எடுக்கும்போது பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள் என்று ஒருவர். கதையில் இல்லாத பாம்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவர். நூறுநாள் வேலைக்குப் போகும் வெள்ளைத்தாய், அட்டையில் புகைப்படம் மாற்ற வந்தவள், தானும் சொல்ல வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“கம்பு இடிக்கத் தெரியலத்தா அவளுக்கு. உலக்கைய மத்து புடிக்கிற மாதிரி புடிக்கா. எம் பேரப் போட்டு எழுது. இவளெல்லாம் நடிக்க எதுக்கு வரணும்னு எழுது.”

நாலு மாதம் இப்படியே போனது. ஊரே ஒரே குரலில் அந்தத் தொடரைத் திட்டியது. அந்தக் குரலுக்கு எழுத்து கொடுத்தவள் மாரிக்கனி. பஜாரில் அவள் நடந்துபோனால், முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், “நேத்துப் பாத்தியா அந்தக் கூத்த?” என்று நிறுத்திப் பேசினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஊரோடு சேர்ந்து ஒரு பக்கம் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் தொடருக்கு டைரக்டரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் புத்தகத்தைப் படித்தவர் போலிருக்கிறது. தென்னை போய்விட்டது. கருவேலமும் வெடித்த நிலமும் வந்தன. பாம்பு செத்தது. உடையாளின் புருவம் வளர ஆரம்பித்தது. மாரிக்கனி ஏழு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அசைய மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் காட்சி வந்தது. புருஷனும் கூட வந்தவளும் சாப்பிட்டு முடித்தார்கள். உடையாள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே இறங்கி நடந்தாள். பாட்டில்லை, அழுகையில்லை, செருப்பில்லாத காலும் சரளையும் மட்டும். புத்தகத்தில் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மாரிக்கனி அழுதாள். ப்ரியா போனிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “நாடகத்துக்கெல்லாமாம்மா அழுவாக?” என்றாள்.

மறுநாள் காலை கடைவாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மாரிக்கனி, பாராட்டி எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“கம்ப்யூட்டரப் போடு,” என்றார் சௌந்தரபாண்டியன். முகம் சிவந்திருந்தது. “இவனுகள விடக் கூடாது. நம்ம ஊருப் பொம்பள புருசன விட்டுட்டு நடுரோட்டுல நடந்து போறாளாம். அத ஊரு உலகமெல்லாம் பாக்கணுமாம். அவ திரும்பி வந்து புருசனோட சேரணும். இல்லன்னா நாடகத்த நிறுத்தணும். அப்படி எழுது. நான் சங்கத்துல கையெழுத்து வாங்குதேன்.”

“கதையில அப்படித்தான அண்ணாச்சி இருக்கு. நூத்தி நாப்பத்தி ரெண்டாம் பக்கம்.”

“கதையில இருந்தா?”

“பொஸ்தகத்துல உள்ளபடி எடுக்கலைன்னு நீங்கதான நாலு கடுதாசி குடுத்தீக?”

“அது தென்னமரத்துக்கு!”

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். தொடரின் அந்தப் பகுதிக்குக் கீழே இரண்டாயிரத்துக்கு மேல் கருத்துகள் வந்திருந்தன. அவரே சத்தமாக வாசித்தார். “இவளுக்கு எதுக்கு இவ்வளவு திமிர்? ஆம்பளன்னா முன்னப்பின்ன இருப்பான், அனுசரிச்சுப் போக வேண்டியதுதான... இந்த டைரக்டர் வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான் போல... வயசான மாமியாரை விட்டுட்டுப் போறவ மனுசியா?”

“பாத்தியா? நம்ம மட்டும் சொல்லல,” என்றார் சௌந்தரபாண்டியன்.

“நான் அடிக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“ஏன்?”

“சரியா எடுத்தத மாத்தி எடுன்னு எப்படி எழுதுறது? வேற யாருகிட்டயாச்சும் குடுத்து வாங்கிக்கோங்க.”

கூட்டத்தில் வெள்ளைத்தாயும் இருந்தாள். அவள்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

“இவளுக்கு அது நல்லாத்தான இருக்கும். புருசனோட வாழத் தெரியாம வந்தவ. இவளுக்கு அந்த உடையாள்தான சோடி.”

உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். மாரிக்கனி ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து, அதில் மாட்டாத தாளை எடுப்பதுபோல வெகுநேரம் குனிந்தே இருந்தாள் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார்.

மனுவை அருப்புக்கோட்டையில் யாரோ அடித்துக் கொடுத்தார்கள். நூற்று அறுபது கையெழுத்தோடு போனது. அதோடு விடவில்லை. உடையாளை அப்படி நடக்கவிடச் சொல்லி டி.வி.க்குத் திருட்டுத்தனமாக எழுதியதே மாரிக்கனிதான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் யாரோ அவள் கடையைப் படம் எடுத்து, ‘திருச்சுழி உடையாள்’ என்று எழுதிப் போட்டார்கள். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு குரல் பதிவுகள் வந்தன. அவற்றை இங்கே எழுதத் தேவையில்லை.

கடைக்கு ஆள் வரத்து நின்றது. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். காலை பத்து மணிக்கே ஃபேனைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ப்ரியா அருப்புக்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். பையை பெஞ்சில் எறிந்தாள்.

“பஸ்ஸுல ஒருத்தன் எம் முன்னாடியே ‘உடையாள் மக’ங்கிறான். எல்லாரும் சிரிக்காங்க. ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? அடிச்சுக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? யாரோ ஒரு நாடகக்காரி புருசன்கூடச் சேந்தா என்ன, சேராட்டி என்ன?”

“அடிக்க மனசு வரல.”

“ஒனக்கு மனசு வரலன்னா நான் அனுபவிக்கணுமா? அப்பாவ விட்டு வரும்போதும் மனசு வரலன்னுதான் வந்தியா? என்னான்னு கேட்டா ஒருநாளாவது பதில் சொல்லியிருக்கியா நீ?”

மாரிக்கனி பெஞ்சில் கிடந்த பையை எடுத்து ஓரமாக வைத்தாள். ப்ரியா அதன்பிறகு வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆடி மாதத்தில் டி.வி.க்காரர்கள் பணிந்துவிட்டார்கள். கல் உடைத்துக்கொண்டிருந்த உடையாளுக்கு மயக்கம் வந்தது. கனவில் மாமியார் வந்து அழுதாள். உடையாள் பட்டுச்சேலை கட்டி, புருவம் திருத்தி, ஊருக்குத் திரும்பி, புருஷன் காலில் விழுந்தாள். கூட வந்தவள் அவனுக்குத் தங்கச்சி முறை என்று தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை நேயர் கருத்தில், “நூற்று அறுபது நேயர்களின் வேண்டுகோளை ஏற்று” என்று திருச்சுழியின் பெயரை மறுபடியும் சொன்னார்கள்.

அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, கடை முன்னால் கார் நின்றது. சௌந்தரபாண்டியன் இறங்கினார். பின்னால் பால்பாண்டி, வெள்ளை வேட்டியில். தலை பாதி நரைத்திருந்தது. அவனுடைய அக்கா புருஷன் வீரணன், வாழைப்பழத் தாரும் வெற்றிலைத் தாம்பாளமும் எடுத்துவந்தார். அன்று கல்லூரி லீவு. ப்ரியா உள்ளே ஸ்கேனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நல்ல காரியமா வந்திருக்கோம்,” என்றார் சௌந்தரபாண்டியன். “அவன் மாறிட்டான். குடியெல்லாம் கெடையாது. மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும். அப்பன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? டி.வி.யிலயே சேந்துட்டாக. நீ மட்டும் என்ன முறுக்கிக்கிட்டு?”

மாரிக்கனி மூவருக்கும் பெஞ்சைக் காட்டினாள். டீ சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, புதுப் பக்கம் திறந்து, அடித்தபடியே சத்தமாக வாசித்தாள்.

“மனுதாரர், பால்பாண்டி, பந்தல்குடி. எதிர்மனுதாரர், மாரிக்கனி, திருச்சுழி. பொருள், பிரிந்து சென்ற மனைவியைச் சேர்த்து வைக்கக் கோருதல். சரியா அண்ணாச்சி?”

“இது என்னத்தா வெளாட்டு?”

“வெளாட்டு இல்ல. மனுன்னா காரணம் எழுதணும். பிரிந்து சென்ற காரணம்னு போட்டிருக்கேன். அவுகளச் சொல்லச் சொல்லுங்க. அடிக்கேன்.”

பால்பாண்டி தரையைப் பார்த்தான்.

“அதெல்லாம் பழைய கதை,” என்றான்.

“அண்ணாச்சிக்குப் பழசு இல்லையே. அவுகளுக்குத் தெரியாதுல்ல. சொல்லுங்க.”

“அவசரப்பட்டு ஒண்ணு செஞ்சேன். இப்ப அதுக்கு என்னங்கிற?”

“நீங்க சொல்லலன்னா நான் அடிக்கேன்.” அவள் விரல் ஓட ஆரம்பித்தது. பதினோரு வருஷமாகச் சொல்லாததை ஆபீஸ் தமிழில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். “எதிர்மனுதாரர் அரசுத் தேர்வு எழுதிச் சிவகங்கையில் தட்டச்சர் பணிக்குத் தேர்வு பெற்றார். பணி நியமன உத்தரவு மனுதாரரின் கடை முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்தது. மனுதாரர் கையெழுத்திட்டு வாங்கினார். மனைவியிடம் கொடுக்கவில்லை. பஞ்சர் சாமான் வைக்கும் தகரப் பெட்டியில், அடியில் போட்டு மேலே டியூப்பை வைத்து மூடினார். பணியில் சேரும் கெடு முடிந்து நாற்பத்தோராம் நாள், சுத்தியல் எடுக்கப் போன எதிர்மனுதாரர் அதைக் கண்டெடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு மனுதாரர் சொன்ன பதில்...” அங்கே நிறுத்தினாள். “அத மட்டும் நீங்க சொல்லுங்க. நான் அடிச்சா ஒரு எழுத்துக் கூடக்கொறைய வந்துரும்.”

வீரணன் தாம்பாளத்தில் வெற்றிலையை ஒழுங்குபடுத்தினார். உள்ளே இருந்த ப்ரியா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னப்பா சொன்னீக?” என்று கேட்டாள்.

மகளைப் பார்த்ததும் பால்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “சிவகங்கைக்குப் போயி எவன்கிட்டடி டைப் அடிக்கப்போறன்னு கேட்டேன். இப்பக் கேட்டாலும் அதைத்தான் கேப்பேன். எவன் கேக்க மாட்டான்?”

சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார். மாரிக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மை தெரிந்துவிட்டது, இனி இவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்ற எண்ணம் அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் அவர். “நான் என்னமோ அடிச்சுக் கொன்னுபோட்டான், வேற எவளையோ வச்சிருக்கான்னுல்ல நெனச்சேன். ஒரு காயிதத்துக்காகவா பொட்டப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்த? அந்த நாடகக்காரிக்காவது ஒரு காரணம் இருந்துச்சு.”

“எந்திரிங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“கடைய விட்டு எந்திரிச்சுப் போங்க. தாம்பாளத்தையும் எடுத்துக்கோங்க.”

அடித்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து பால்பாண்டியிடம் நீட்டினாள். “கையெழுத்துப் போடுறீகளா?” அவன் அதை வாங்கிக் கசக்கி எறிந்தான். சௌந்தரபாண்டியன் வாசலில் நின்று, டீக்கடை முழுக்கக் கேட்கும்படி, “நாளைக்குத் தனியாக் கெடந்து சாவ” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர்கள் போனதும் ப்ரியா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல? இத்தன வருசம் நான் உன்னயத்தான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பாவத்த ஏன் எனக்குக் குடுத்த?”

“ஒங்கப்பா வார்த்தைய ஒங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா ஒனக்கும் அது காதுல கெடக்கும்.”

“இப்ப மட்டும் கெடக்கலயா?”

அந்த வாரம் மாரிக்கனி இரண்டு தாள் அடித்தாள். ஒன்று டி.வி.க்கு, தன் பெயரில். நாலே வரி. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தை உள்ளபடி எடுத்துவிட்டு ஏன் மாற்றினீர்கள், திருச்சுழியில் நூற்று அறுபது பேர் சொன்னது திருச்சுழி சொன்னதாகாது, நூற்று அறுபத்தோராவது ஆள் நான், எனக்கு நீங்கள் எடுத்த முடிவு அருவருப்பாக இருக்கிறது என்று எழுதினாள். அதை அவர்கள் வாசிக்கவில்லை. இன்னொன்று அருப்புக்கோட்டைக் கோர்ட்டுக்கு, விவாகரத்து மனு. இத்தனை வருஷம் அவள் அதைக் கேட்டதில்லை. விட்டு வந்ததே போதும், அதற்கு மேல் எதற்கு என்று இருந்தவள். வக்கீல் அந்த மனுவைப் படித்துவிட்டு, ஒரு இடத்தில் மட்டும் சட்டப் பிரிவு எண்ணைச் சேர்த்தார்.

பால்பாண்டி முதல் வாய்தாவுக்கு வந்து, சம்மதமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மூன்றுக்கு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ப்ரியா கல்லூரியிலிருந்து கோர்ட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பஸ்ஸில் ‘உடையாள் மக’ என்றவனை அவள் ஒருநாள் எல்லார் முன்னாலும், “ஆமாலே, இப்ப அதுக்கு என்ன?” என்று கேட்டாளாம். அவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டான் என்று அவள் சொல்கிறாள். இறங்க வேண்டிய ஸ்டாப்பே அதுவாகவும் இருக்கலாம்.

ஊர் மாறிவிடவில்லை. தகரப்பெட்டிக் கதை டீக்கடை வழியாகப் பஜார் முழுக்கப் பரவியது. கேட்ட பெரும்பாலோர் சௌந்தரபாண்டியன் சொன்னதையே சொன்னார்கள். வெள்ளைத்தாய் மட்டும் ஒரு மத்தியானம் வந்து, அட்டையை நீட்டி, ஜெராக்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “அந்தப் பெட்டிய அவன் தலையில போட்டுருக்கணும்” என்று மட்டும் சொன்னாள். மாரிக்கனியும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கெடு நெருங்கும் மனுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். அருப்புக்கோட்டையில் அடித்த மனுக்கள் இரண்டு மூன்று திரும்பி வந்ததும் ஒரு காரணம். வந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, காரியத்தைச் சொல்லிவிட்டு நிற்பார்கள். அவளும் அடித்துக் கொடுப்பாள். சௌந்தரபாண்டியன் வரவே இல்லை. எதிரில் பார்த்தால் ரோட்டின் அடுத்த பக்கம் மாறிவிடுவார்.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. நகல் வாங்கிய மறுநாள், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், மாரிக்கனி தன் ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவதற்கான விண்ணப்பத்தைத் தானே திறந்தாள். பதினோரு வருஷமாகக் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பால்பாண்டி பெயர்தான் இருந்தது. சர்வர் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை ஏறியது.

“காரணம் கேக்குதும்மா. எதப் போட?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ப்ரியா.

“விவாகரத்துன்னு ஒரு வரி இருக்கும் பாரு. அதத் தொடு.”

ப்ரியா தொட்டாள்.